ஊர் அடங்கியும் அடங்காத 83 சதவீதம்: பெருந்தொற்று, சுற்றுச்சூழல், நம் பணப் பழக்கம்

கேள்வி இதுதான்: ஒரு பெருந்தொற்று வந்தால் அது சுற்றுச்சூழலுக்கு நல்லதா கெட்டதா, மக்கள் சம்பாதிப்பதையும் செலவழிப்பதையும் அது நிரந்தரமாக மாற்றிவிடுமா?

சுருக்கமான பதில்: காற்றுக்குச் சில வாரங்கள் ஓய்வு கிடைக்கும். அதற்கு மேல் தானாக எதுவும் நடக்காது. தொற்று ஓய்ந்த பிறகு வரும் இரண்டு மூன்று வருடங்களில் மக்கள் எதை வாங்குகிறார்கள், அரசாங்கம் யாருக்கு என்ன நிபந்தனையோடு பணம் கொடுக்கிறது என்பதில்தான் மிச்சக் கதை முழுக்க இருக்கிறது. பலரும் அந்த முதல் சில வாரங்களை மட்டும் பார்த்துவிட்டு "இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொண்டது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கோவிட் காலத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதுபோல ஒரு விஷயத்தை நாள்வாரியாக அளந்து பார்க்க மனித வரலாற்றிலேயே கிடைத்த முதல் வாய்ப்பு அது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், உலகத்தின் பெரும்பகுதி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த நாட்களில், தினசரி கரியமில வாயு உமிழ்வு 2019-இன் சராசரியைவிட 17 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்தக் குறைவில் கிட்டத்தட்ட பாதி, கார், லாரி போன்ற தரைவழிப் போக்குவரத்து நின்றதால் வந்தது. விமானங்கள் தரையில் நின்ற படங்கள்தான் எல்லார் கண்ணிலும் பட்டன; ஆண்டுக்குச் சுமார் 450 கோடியாக இருந்த விமானப் பயணிகள் எண்ணிக்கை 2020-இல் சுமார் 180 கோடியாக விழுந்தது என்பதும் உண்மைதான். ஆனால் மொத்தக் குறைவில் விமானத்தின் பங்கு பத்தில் ஒன்றுதான்.

அந்த 17-ஐப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மிச்சமிருந்த 83. பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை, சுற்றுலா இல்லை, கல்யாணம் கூட இல்லை, தனிமனிதர்களால் எவ்வளவு அடங்கி இருக்க முடியுமோ அவ்வளவு அடங்கி இருந்தோம், அப்படியும் ஆறில் ஐந்து பங்கு புகை வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து? மின்நிலையங்கள், இரும்பு உலைகள், சிமென்ட் சூளைகள், சரக்குக் கப்பல்கள், குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்கள். இரும்பு உருக்கும் ஊதுலையை நினைத்த நேரத்தில் அணைத்துவிட முடியாது. பற்றவைத்தால் வருடக்கணக்கில் தொடர்ந்து எரியும்படி கட்டப்பட்டது அது. முழுக்க ஆறவிட்டால் உள்ளே பூசிய தீச்செங்கல் விரிசல் விட்டுவிடும் என்று, தேவை இல்லாத நாட்களிலும் மெதுவாக எரியவிட்டு வைத்திருப்பார்கள். சிமென்ட் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதே இல்லை, சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும் வேதிவினையிலிருந்து வருகிறது. நீங்கள் வீட்டிலேயே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கல்லுக்கு ஒன்றுதான்.

ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால், எரிசக்தி சார்ந்த உமிழ்வு 2020-இல் 5.8 சதவீதம் குறைந்தது என்று சர்வதேச எரிசக்தி முகமை சொன்னது. ஏறக்குறைய 200 கோடி டன். பெரிய எண்தான். ஆனால் புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த வேண்டுமானால் 2020 முதல் 2030 வரை ஒவ்வொரு வருடமும் 7.6 சதவீதம் குறைய வேண்டும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2019-லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தது. உலகத்தையே பூட்டியும் ஒரு வருடத்து இலக்கைத் தொட முடியவில்லை. காய்ச்சலில் கிடந்து இளைத்தவரைப் பார்த்து "நல்லா உடம்பைக் குறைச்சிருக்கீங்களே" என்று பாராட்டுவது மாதிரிதான் இந்தக் குறைவைக் கொண்டாடுவதும்.

எழுந்து உட்கார்ந்ததும் என்ன நடந்தது? 2020 டிசம்பரிலேயே மாத உமிழ்வு முந்தைய டிசம்பரைத் தாண்டிவிட்டது. 2021-இல் 6 சதவீதம் கூடி 3,630 கோடி டன்னில் போய் நின்றது, அதுவரை இல்லாத உச்சம். இது புதுக் கதையும் இல்லை. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு 2009-இல் உமிழ்வு 1.4 சதவீதம் குறைந்து, 2010-இல் 5.9 சதவீதம் எகிறியது.

வளிமண்டலம் இந்தக் குறைவைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஹவாயின் மௌனா லோவா ஆய்வகத்தில் 2019 மே மாதம் சுமார் 415 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு என்ற அளவு) ஆக இருந்த கரியமில வாயு, 2020 மேயில் 417, 2021 மேயில் 419. ஏற்கெனவே மேலே போனது நூறாண்டுகளுக்கும் மேலாகத் தங்குவது. இந்த வருடம் சேர்ப்பதைக் கொஞ்சம் குறைத்தால் ஏறும் வேகம் ஒரு துளி குறையும், இறங்காது. 2020-இன் ஊரடங்குகளால் 2030-க்குள் மிச்சமாகும் வெப்பம் சுமார் 0.01 டிகிரி என்று ஒரு கணக்கு வந்தது.

கரியமில வாயுவைப் போலவே பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேன் விஷயத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். ஊரடங்கு ஆண்டில் அது குறையவில்லை, அளக்கத் தொடங்கிய 1980-களிலிருந்து அதுவரை பார்க்காத வேகத்தில் கூடியது. ஈரநிலங்களிலிருந்து அதிகம் வெளிவந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் யாரும் எதிர்பார்க்காதது: மீத்தேனைக் காற்றில் சிதைப்பது ஹைட்ராக்சில் என்ற குறுகிய ஆயுள் கொண்ட மூலக்கூறு, அது உருவாக நைட்ரஜன் ஆக்சைடுகள் உதவுகின்றன, அவை வருவது வாகனப் புகையிலிருந்து. வாகனங்கள் நின்றன, நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தது, ஹைட்ராக்சில் குறைந்தது, மீத்தேன் கூடுதல் நாள் உயிர் பிழைத்தது. அந்த ஆண்டின் கூடுதல் ஏற்றத்தில் பாதியளவு இதனால் இருக்கலாம் என்று 2022-இல் வந்த ஆய்வு ஒன்று சொன்னது. புகையை நிறுத்தினால் எல்லாம் ஒரே திசையில் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

(வெனிஸ் கால்வாயில் டால்ஃபின் வந்தது என்று சுற்றிய வீடியோ நினைவிருக்கிறதா? அது சார்டீனியா தீவில் எடுத்தது. வெனிஸில் தண்ணீர் தெளிந்தது நிஜம், ஆனால் படகுகள் ஓடாததால் வண்டல் அடியில் தங்கியதுதான் காரணம். தண்ணீர் சுத்தமானதற்கு அது அத்தாட்சி இல்லை.)

சரி, பணத்துக்கு வருவோம். தொற்று என்றதும் மக்கள் பேராசைக்காரர்களாக மாறிப் பொருளைப் பதுக்கினார்கள் என்று திட்டுவது வழக்கம். உண்மையில் அவ்வளவு பேராசை தேவையே இல்லை. ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நூறு வீடுகள், வீட்டுக்கு ஒரு பொட்டலம் கழிவறைக் காகிதம். கடைக்காரர் 110 வைத்திருப்பார், இடத்தை அடைக்கும் மலிவான சரக்கை யாரும் அதிகம் அடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு வீடும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்தால் பாதி வாரத்திலேயே அலமாரி காலி. காலி அலமாரியின் படம் போன் போனாகப் போகும், அடுத்த வாரம் ஆளுக்கு மூன்று எடுப்பார்கள். கடைக்காரர் 300 கேட்பார், மொத்த வியாபாரி தன் பங்குக்கு ஒரு பாதுகாப்பு சேர்த்து 400 கேட்பார், ஆலைக்குப் போகும்போது அது 500 ஆகியிருக்கும். ஆனால் வீடுகளில் தீரும் வேகம் மாறவில்லை. ஒரு மாதம் கழித்து வீடு முழுக்கக் காகிதம், கடையில் வாங்க ஆள் இல்லை, ஆலையில் சரக்குத் தேங்கி நிற்கும். சங்கிலியில் மேலே போகப் போக ஆட்டம் பெரிதாகும் இந்தக் கோளாறு சரக்கு நிர்வாகம் படித்தவர்களுக்குப் பழைய பாடம். தொற்று அதை எல்லாப் பொருளிலும் ஒரே நேரத்தில் நடத்திக் காட்டியது.

ஒரு பக்கம் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் வீணடிப்பு என்பது இப்படித்தான் வருகிறது. 2020 வசந்த காலத்தில் அமெரிக்காவில் கடைகள் ஒருவருக்கு இத்தனை பால்தான் என்று அளவு வைத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் பண்ணைகள் பாலைத் தரையில் கொட்டின. பள்ளிகளும் உணவகங்களும் மூடிவிட்டன, அவற்றுக்கான சின்ன அட்டைப் பெட்டி, பெரிய பை என்று ஓடிக்கொண்டிருந்த ஆலை இயந்திரங்களை வீட்டு அளவுக்கு ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. மாட்டுக்கு அதெல்லாம் தெரியாது, வேளாவேளைக்குக் கறந்தாக வேண்டும். கொட்டிய ஒவ்வொரு லிட்டரிலும் தீவனம், தண்ணீர், டீசல், மாடு விட்ட மீத்தேன் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. வாங்கும் பழக்கம் திடீரென்று மாறினால் அதன் சுற்றுச்சூழல் செலவு முதலில் இப்படி வீணான பொருளாகத்தான் வரும்.

கார் நிறுவனங்கள் செய்தது இதற்கு நேர் எதிர். 2020 தொடக்கத்தில் இனிமேல் யார் கார் வாங்கப் போகிறார்கள் என்று சிப் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். அந்த இடத்தை மடிக்கணினியும் விளையாட்டுக் கருவியும் செய்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கார் கேட்டு மக்கள் வந்தபோது வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று, 2021 முழுக்கச் சிப் இல்லாமல் தொழிற்சாலைகள் நின்றன, பழைய கார் விலை ஏறியது, பழைய எஞ்சின்கள் இன்னும் சில வருடம் சாலையில் ஓடின.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "மக்கள்" என்று ஒரே மூச்சில் பேசுவது தவறு. சம்பளம் நிற்காதவர்கள் செலவு செய்ய இடம் இல்லாமல் சேமித்தார்கள்; அமெரிக்காவில் வழக்கமாக ஒற்றை இலக்கத்தில் இருக்கும் வீட்டுச் சேமிப்பு விகிதம், அரசு உதவித்தொகையும் சேர்ந்து, 2020 ஏப்ரலில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அதே வருடத்தில் உலக அளவில் சுமார் 7 கோடிப் பேர் கடும் வறுமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்று உலக வங்கி சொன்னது, 1990-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே ஆண்டில் இவ்வளவு பேர் விழுந்ததில்லை. பசுமையாக வாங்குவோம், உள்ளூரில் வாங்குவோம் என்ற பேச்செல்லாம் முதல் கூட்டத்தின் பேச்சு. இரண்டாவது கூட்டம் கையில் இருப்பதை விற்றது, ஊர் திரும்பியது, காட்டோரம் விறகுக்கும் வேட்டைக்கும் போனது. சுற்றுலாவை நம்பிக் காட்டைக் காத்துவந்த இடங்களில் வருமானம் நின்றதும் காவலர் சம்பளமும் நின்றது.

சேமித்த பணம் எங்கே போனது என்பதுதான் சுற்றுச்சூழலுக்கு முக்கியம். உணவகம், சினிமா, முடிதிருத்தகம், பயணம் எல்லாம் மூடியிருந்ததால் அந்தப் பணம் பொருள்களுக்குப் போனது: மேசை, திரை, உடற்பயிற்சிக் கருவி, வீட்டு மராமத்து. முடி வெட்டிக்கொள்ளக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஒருவரின் உழைப்பு. அதே பணத்துக்கு வாங்கும் மேசையில் மரம், இரும்பு, பசை, அட்டைப்பெட்டி, ஒரு கடல் பயணம் எல்லாம் இருக்கிறது. ஒரே தொகை, ஆனால் பூமியிலிருந்து எடுக்கும் எடை வேறு. இந்த மாற்றம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நடந்ததால் 2021-இல் கப்பல் கட்டணம் பல மடங்கு ஏறியது, லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு வெளியே டஜன் கணக்கில் கப்பல்கள் துணை எஞ்சினை ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. பொருளாதாரம் சுருங்கினால் புகையும் சுருங்கும் என்ற எளிய கணக்கு இங்கேதான் பிசகுகிறது. சுருங்கிய பிறகு எந்தப் பக்கமாக விரிகிறது என்று பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், வேகமாகக் கடக்கிறேன். முகக்கவசம், கையுறை, பரிசோதனைக் கருவி, பார்சல் டப்பா எல்லாம் குவிந்தது. மக்கள் கொண்டுவரும் கோப்பையில் ஊற்ற மாட்டோம் என்று காபிக் கடைகள் சொல்லின, கலிஃபோர்னியா பிளாஸ்டிக் பை தடையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அதிகம் பேசப்படாத பாதி எண்ணெய் விலை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் (மே மாதம் எண்ணெயைக் கையில் வாங்கிக்கொள்வதற்கான முன்பேர ஒப்பந்தம்) பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் வரை போய் முடிந்தது, அதாவது எடுத்துக்கொண்டு போனால் போதும், பணமும் தருகிறோம் என்ற நிலை. அது ஒரு நாள் கூத்துதான், ஆனால் அந்த ஆண்டு எண்ணெய் மலிவாக இருந்ததால் புது பிளாஸ்டிக்கும் மலிவாக இருந்தது, பழையதைப் பொறுக்கி, கழுவி, உருக்கி விற்பவரால் விலையில் போட்டி போட முடியவில்லை. மறுசுழற்சியை விழிப்புணர்வு மட்டுமே வாழவைக்காது, எண்ணெய் விலையும் ஒத்துழைக்க வேண்டும்.

அப்படியானால் எதுவுமே நிலைக்காதா? நிலைக்கும், ஆனால் என் அனுபவத்தில் பார்த்தது, மனசு மாறியதால் நிலைத்தவை குறைவு. ஏதாவது ஒன்று கட்டப்பட்டதாலோ நிறுவப்பட்டதாலோ நிலைத்தவைதான் அதிகம். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா 2020 மார்ச்சில் சாலையில் கூம்புகளை வைத்துத் தற்காலிக சைக்கிள் பாதை போட்டது. பாரிஸில் ரிவோலி தெருவைப் பெரும்பாலும் கார்களிடமிருந்து பிடுங்கிச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள், தொற்று போன பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. சீனாவில் 2003-இல் சார்ஸ் பரவியபோது, அந்த மே மாதத்தில், ஊழியர்கள் வீட்டில் தனிமையில் இருந்தபடியே தொடங்கியது தாவோபாவ் இணையச் சந்தை. சார்ஸ் சில மாதங்களில் போய்விட்டது, அது போகவில்லை. பாதை இருந்தால் ஆள் வருவார்கள். "இனிமேல் தேவையானதை மட்டும் வாங்குவேன்" என்ற சபதத்துக்கு அப்படி ஒரு பாதை இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பசுமை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் முடியாது. ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டருக்கு மேல் காரில் போகிறவர் வீட்டில் இருந்தால் லாபம் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்குச் சொல்லியது. பக்கத்திலிருந்தோ பேருந்திலோ போகிறவர் என்றால், வீட்டில் தனியாக ஓடும் ஏசியோ ஹீட்டரோ அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். அதோடு பேருந்தில் கூட்டத்தில் நிற்கப் பயந்து கார் வாங்கியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் திரும்பப் பேருந்துக்கு வருவது சுலபமில்லை. கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கும். 2020-இல் கூட எஸ்யூவி வண்டிகள் எரித்த எண்ணெய் மட்டும் குறையவே இல்லை.

மின்சாரத்தில் மட்டும் ஒரு நல்ல விபத்து நடந்தது. தேவை விழுந்தபோது முதலில் அணைக்கப்பட்டது நிலக்கரி, ஏனென்றால் காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லை, ஓடுகிறதை நிறுத்தி ஒரு மிச்சமும் இல்லை. அந்த ஆண்டு நிலக்கரி, எண்ணெய் தேவை இரண்டும் குறைந்தன, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கூடியது. இதற்கு யாரும் திருந்த வேண்டியிருக்கவில்லை, காற்றாலைகள் ஏற்கெனவே நின்றிருந்தன, அவ்வளவுதான்.

பழைய கொள்ளைநோய்கள் இதைவிட ஆழமாகப் பொருளாதாரத்தை மாற்றின, ஆனால் அவை மாற்றிய விதம் யாரும் விரும்பக் கூடியதல்ல. 14-ஆம் நூற்றாண்டின் கறுப்புச் சாவு ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆட்களைக் கொன்றது. சுவிஸ்–இத்தாலி எல்லையில் ஆல்ப்ஸ் பனியைத் துளைத்து எடுத்துப் பார்த்தால், 1349 முதல் 1353 வரையான அடுக்குகளில் காற்றில் இருந்த ஈயம் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கிறது. சுரங்கத்தில் வெட்டவும் உருக்கவும் ஆள் இல்லை. உயிரோடு மிஞ்சியவர்களின் கூலி ஏறியது, அதைப் பழைய மட்டத்திலேயே கட்டிப்போட இங்கிலாந்து 1351-இல் சட்டமே போட்டது. கூலி நிலைத்து ஏறக் காரணம் உழைக்கும் கைகள் குறைந்தது. கோவிட் அப்படிப்பட்டதல்ல, ஆட்களை நிறுத்தி வைத்தது, பிறகு விட்டுவிட்டது.

கேள்வியில் இல்லாத ஒரு திசையையும் சேர்க்கிறேன். தொற்று சுற்றுச்சூழலை என்ன செய்யும் என்று கேட்கிறோம். சுற்றுச்சூழலை நாம் செய்ததுதான் தொற்றைக் கொண்டுவருகிறது என்ற பக்கமும் உண்டு. பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இன்னும் கண்டறியப்படாத வைரஸ்கள் 17 லட்சம் இருக்கலாம் என்றும், புதிதாகத் தோன்றும் நோய்களில் 30 சதவீதத்துக்கு மேல் காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றத்தோடு தொடர்புள்ளவை என்றும் ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் நிபுணர் குழுவின் 2020 அறிக்கை சொன்னது. காட்டை வெட்டினால் விலங்கும் மனிதனும் நெருங்குகிறார்கள், இடையில் வளர்ப்பு மிருகம் பாலமாகிறது. ஆனால் ஊரடங்கில் முதலில் தளர்ந்தது எது? கண்காணிப்பு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2020 மார்ச் 26 அன்று, தொற்றால் முடியவில்லை என்றால் சில மாசு அளவீடுகளைத் தவறவிட்டதற்கு அபராதம் கேட்க மாட்டோம் என்று அறிவித்தது, ஆகஸ்ட் கடைசி வரை அது நடப்பில் இருந்தது. 2020-இல் நடக்க வேண்டிய காலநிலை மாநாடு ஒரு வருடம் தள்ளிப்போனது.

கடைசியாக அரசாங்கப் பணம். என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம், ஏனென்றால் வீட்டுக்குள் இருந்தபடி எங்களாலும் உங்களாலும் தொட முடியாத அந்த 83-ஐத் தொடக் கூடிய பணம் இது ஒன்றுதான். 2021 நடுவில் கணக்குப் பார்த்தபோது உலக நாடுகள் அறிவித்திருந்த தொற்றுக்கால நிதி உதவியில் தூய எரிசக்திக்கு ஒதுக்கியது சுமார் 2 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் தன் மீட்பு நிதியில் குறைந்தது 37 சதவீதம் காலநிலைக்குப் போக வேண்டும் என்று விதி வைத்தது, அது விதிவிலக்கு. நிபந்தனையோடு கொடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் ஏர் பிரான்ஸ். 2020-இல் அந்த நிறுவனத்துக்கு 700 கோடி யூரோ கடனுதவி கிடைத்தபோது, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக் கூடிய உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் ஓட்டுவதைக் குறைக்க வேண்டும் என்று பிரான்ஸ் அரசு நிபந்தனை போட்டது. அடுத்த வருடம் அதைச் சட்டமாக்கினார்கள், 2023 மேயில் அமலுக்கு வந்தது. இணைப்பு விமானங்களுக்கு விலக்கு, ரயில் நேர அட்டவணைக்கு ஒரு விலக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு அந்தச் சட்டம் நிறுத்தியது பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் போகும் மூன்று வழித்தடங்களை; அவற்றிலும் விமானங்கள் 2020-லிருந்தே ஓடவில்லை.